கப்பல் ஏற மறுத்தவர்கள்

அன்புள்ள அக்கா,

மயிலாடுதுறையிலிருந்து எழுதுகிறேன். ரோல்பிளே ஆட்டங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் நாங்கள் ஆடத் தொடங்கினோம். என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டு மாடியில் உட்காருவோம். நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவன்.

கதை நடப்பது 1025இல். ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்துக்கு (இன்றைய மலேசியாவின் கெடா) கிளம்பும் சமயம். நால்வரும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற வேண்டும். நடுக்கடலில் புயல், அங்கே போனால் அரண்மனைச் சூழ்ச்சி என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன். அவர்களோ போகிற வழியிலுள்ள ஆனைமங்கலம் என்ற ஊரில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே ஒரு காட்சி இருக்கட்டும் என்று, நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு நெல் வசூலிக்கிற கணக்கருக்கும் ஊராருக்கும் வாய்க்கால் தகராறு என்று சொல்லியிருந்தேன். அதைத் தீர்க்காமல் நகர மாட்டோம் என்கிறார்கள். போன வாரம், அவர்கள் எந்தப் பக்கம் போனாலும் துறைமுகத்துக்கே வந்து சேரும்படி செய்தேன். ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். "எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணிட்டா நாங்க எதுக்குடா?" என்றான். இன்னொருவன், "அவன் கஷ்டப்பட்டு எழுதியிருக்கான், போவோமே" என்றான். சண்டை வரவில்லை. ஆனால் ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது.

நான் யாருடைய விருப்பத்துக்கு இடம் கொடுக்க வேண்டும்?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் இரண்டு வரி. மேசையைச் சுற்றி சிலர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், முடிவெடுப்பார்கள். கேம் மாஸ்டராக இருப்பவர் அந்த உலகத்தையும் அதிலுள்ள மற்ற மனிதர்களையும் நடத்துவார். ஒரு காரியம் பலிக்குமா என்பது சந்தேகமாக இருந்தால் பகடை உருட்டுவார்கள்.

உங்களுக்கு நடந்ததுதான் இந்த ஆட்டவகை பிறந்த கதையே. 1969இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதியில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் நெப்போலியன் காலத்துப் போர் ஒன்றை மேசை ஆட்டமாக வடிவமைத்தார். போர் நடக்கப்போகும் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரில் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கொரு வேடமும் தனித்தனி நோக்கமும் கொடுத்தார். அவர் காத்திருந்தது போருக்காக. ஆட்டக்காரர்களோ ஒருவரை ஒருவர் தனியே இழுத்துப் போய் ரகசியம் பேசுவதிலும் பேரம் பேசுவதிலும் இறங்கிவிட்டார்கள். போர் தொடங்கவே இல்லை. ஆட்டம் கெட்டுவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்கள் மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அந்தக் குழுவிலிருந்த டேவ் ஆர்னெசன் பிறகு பிளாக்மூர் என்ற தன் கற்பனை உலகத்தை அதே போக்கில் நடத்தினார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற முதல் ரோல்பிளே ஆட்டத்தை வெளியிட்டார்கள். நடத்துபவர் எதிர்பார்த்ததை ஆடுபவர்கள் செய்யாமல் போனதில்தான் இத்தனையும் தொடங்கியது. ஆனைமங்கலத்தில் உட்கார்ந்த உங்கள் நண்பர்கள் மீது எனக்கு வருத்தமே வரவில்லை.

அதற்காக உங்கள் விருப்பத்தைக் கைவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆட்டக்காரர்கள் சந்தோஷமாக இருந்தால் போதும், கேம் மாஸ்டர் பரிமாறுபவர் மாதிரி என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாரம் முழுவதும் யோசித்து, படித்து, எழுதி வருகிறவர் அவர். அவருக்கே பிடிக்காத கதையை எத்தனை ஞாயிறு நடத்துவார்? ஒரு கட்டத்தில் குரலில் அலுப்பு தெரியும், பிறகு ஆட்டமே நின்றுபோகும். அப்படி நின்ற குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கடலுக்கு ஆசைப்பட்டதில் தப்பில்லை. அந்த ஆசையை ஆட்டத்துக்குள் ஒளித்து வைத்ததுதான் சிக்கல். எந்த வழியில் போனாலும் துறைமுகம் என்று செய்தபோது, அவர்கள் முடிவெடுப்பதாகக் காட்டிக்கொண்டு முடிவை நீங்கள் எடுத்தீர்கள். இந்த ஆட்டத்தில் ஆட்டக்காரர் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: தன் பாத்திரம் என்ன செய்யும் என்பது. ஊர், காற்று, அரசன், கணக்கர், கடல் எல்லாம் உங்களுடையவை. அவர்களிடம் இருக்கும் அந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டால் அவர்கள் வெறும் கேட்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். உங்கள் நண்பன் கேட்டது அதைத்தான். திரைக்குப் பின்னால் பகடையை உருட்டிவிட்டு எண்ணை மாற்றிச் சொல்வதையும் இதே காரணத்துக்காகத்தான் நான் ஏற்பதில்லை. நல்ல எண்ணத்தில் செய்தாலும், தெரிந்துவிட்ட நாளிலிருந்து எந்த எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதனால் அடுத்த ஞாயிறு நோட்டைத் திறப்பதற்கு முன்னால் பாத்திரங்களை ஓரமாக வைத்துவிட்டு நண்பர்களாகவே பேசுங்கள். "எனக்குக் கடல் பயணம் நடத்த ஆசைடா. உங்களுக்கு ஆனைமங்கலத்தில் என்ன பிடித்தது?" என்று நேராகக் கேளுங்கள். ஒருவனுக்கு நியாயம் கேட்கப் பிடித்திருக்கலாம், ஒருவனுக்குக் கணக்கரோடு வாக்குவாதம் பண்ணப் பிடித்திருக்கலாம், இன்னொருவனுக்குக் கடல் என்றாலே ஆர்வமில்லாமல் இருக்கலாம். கேட்காமல் தெரியாது. கேம்பெய்ன், அதாவது பல வாரம் தொடரும் கதை, தொடங்குவதற்கு முன்பே இதைப் பேச ஒரு தனி உட்காரல் வைப்பார்கள், செஷன் ஸீரோ என்று பெயர். உங்கள் குழுவில் அது நடக்கவில்லை போலிருக்கிறது. இப்போது நடத்தினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் ஆனைமங்கலத்தைத் தொட்டுவிட்டீர்கள். அந்த ஊருக்கும் கடாரத்துக்கும் என்ன உறவு என்று பாருங்கள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தைக் கட்டியவன் கடாரத்து அரசன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால். அந்த விகாரத்துக்காக ராஜராஜன் கொடுத்த ஊர்தான் ஆனைமங்கலம். லெய்டன் பெரிய செப்பேடு என்று அழைக்கப்படும் சோழர் செப்பேடு இதைச் சொல்கிறது. தந்தை கொடுத்ததைச் செப்பேட்டில் நிலைக்கச் செய்தவன் ராஜேந்திரன். அதே ராஜேந்திரன்தான் 1025இல் அந்த அரச மரபின் நாட்டின் மீது படை அனுப்புகிறான். அப்படியானால் உங்கள் நண்பர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் வாய்க்கால் தகராறு எங்கே கொண்டுபோய் விடும்? கடாரத்து அரசன் கட்டிய விகாரத்துக்குப் போகிற நெல் அது. போர் வரப்போகிறது என்ற செய்தி ஊருக்குள் வந்தால் கணக்கர் என்ன செய்வார்? விகாரத்துப் பிக்குகள் யார் பக்கம்? எதிரி நாட்டான் கட்டிய இடத்துக்கு இனி எதற்கு நெல் அளக்க வேண்டும் என்று ஊரில் ஒருவர் கேட்டால், அவருக்கு எத்தனை பேர் தலையாட்டுவார்கள்?

சோழர் காலத்தில் தானம் கொடுத்த நிலத்தின் எல்லையைப் பெண் யானையை நடக்கவிட்டுக் குறித்தார்கள். அந்த யானை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நடந்ததா அந்தப் பக்கம் நடந்ததா என்று ஊரார் ஒன்று சொல்லட்டும், விகாரத்தார் வேறு ஒன்று சொல்லட்டும். அன்று யானையோடு நடந்த கிழவர் ஒருவர் இப்போது நாகப்பட்டினத்துக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று வையுங்கள். சாட்சி வேண்டுமானால் அவர்கள் துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். நீங்கள் இழுக்கவில்லை. அவர்களுக்குப் போக ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. போகாமலும் இருக்கலாம், சாட்சி இல்லாமல் வழக்கைப் பேசலாம். இரண்டையும் உண்மையாகவே திறந்து வையுங்கள்.

கூடவே கப்பல் அவர்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2017இல் ஜான் ஹார்ப்பர் வெளியிட்ட 'பிளேட்ஸ் இன் தி டார்க்' ஆட்டத்தில் கடிகாரம் என்று ஒரு எளிய வழி உண்டு. காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு நான்கு, ஆறு அல்லது எட்டுப் பங்காகப் பிரித்து, விஷயம் நெருங்க நெருங்க ஒவ்வொரு பங்காக நிரப்புவது. நீங்கள் ஆறு பங்கு போட்டு எல்லோர் கண்ணிலும் படும்படி மேசை நடுவில் வையுங்கள். மேலே 'கப்பல் கிளம்புகிறது' என்று எழுதுங்கள். ஆனைமங்கலத்தில் ஒவ்வோர் இரவு கழியும்போதும் ஒரு பங்கு. ஆறும் நிரம்பினால் கப்பல் போய்விடும், கிழவரோடு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. காற்றுக்காலம் மாறிவிட்டால் பாய்மரக் கப்பல் மாதக்கணக்கில் கரையிலேயே கிடக்கும் என்பதை அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். உங்கள் நண்பர்களும் அறிந்தே முடிவெடுக்கட்டும்.

"போவோமே" என்ற நண்பனையும் மறக்க வேண்டாம். அவன் உங்கள் உழைப்பைப் பார்த்தவன். ஆட்டக்காரர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்பதை அவன் புரிந்துவைத்திருக்கிறான். கடாரத்துக்குப் போகும் கதை என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தால், அங்கே போக ஏதாவது ஒரு காரணமுள்ள பாத்திரத்தைச் செய்துகொள்வது ஆட்டக்காரரின் வேலை. தங்கள் பாத்திரம் கடலைத் தாண்ட என்ன காரணம் என்று நால்வரையும் ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கடனோ, காணாமல் போன அண்ணனோ, எதுவாக இருந்தாலும் அவர்கள் எழுதியதாக இருக்க வேண்டும். உங்கள் நோட்டில் அதற்கு இடம் செய்வது உங்கள் வேலை.

இவ்வளவுக்குப் பிறகும் கப்பல் வேண்டாம் என்றால், அதை முழு மனதோடு ஏற்றுக்கொள்ளுங்கள். கப்பல் போகட்டும், ஆனைமங்கலத்திலேயே கதை நடக்கட்டும். அரண்மனைச் சூழ்ச்சிக்காக எழுதிய மனிதர்களைக் கொஞ்சம் மாற்றினால் விகாரத்துக்குள்ளும் ஊர்ச் சபையிலும் உட்காருவார்கள். புயலை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

உங்களுக்கு ஊர்க் கதை நடத்த ஆர்வமில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். 1987இல் வந்த 'ஆர்ஸ் மேஜிகா' ஆட்டத்தில் நடத்தும் வேலையைக் குழுவினர் மாறி மாறி எடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். "நாங்க எதுக்குடா" என்று கேட்டவனிடமே ஆனைமங்கலத்தைக் கொடுத்துப் பாருங்கள். அவன் நடத்தும் வாரங்களில் நீங்கள் ஒரு மாலுமியாக உட்கார்ந்து ஆடலாம். எல்லா வாரமும் நடத்திக்கொண்டே இருக்கிற கேம் மாஸ்டருக்கு, தானும் ஒரு பாத்திரமாகி அடுத்து என்ன என்று தெரியாமல் ஆடக் கிடைப்பது பெரிய சந்தோஷம்.

நால்வரும் எழுதித் தரும் வரிகளை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா