சுவரோடு பழகும் பந்து: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாங்குளத்துக்கு அண்மையில் உள்ள கிராமம் ஒன்றில் வசிக்கும் நான், பாடசாலையின் 16 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணியில் நடுக்களத்தில் ஆடுகிறேன். அணியினர் தூர ஊர்களிலிருந்து வருவதால் வாரத்தில் 2 நாட்கள் மட்டுமே பயிற்சி நடைபெறுகிறது. பந்து என் காலில் பட்டதும் விலகி ஓடிவிடுகிறது. உதைத்த பந்தைத் திருப்பி அனுப்பும் ரீபவுண்டர் வலை ஒன்றை வாங்கினால் தனியாகப் பயின்று இக்குறையைத் திருத்திக்கொள்ள முடியுமா?

பதில்: தம்பி, நிச்சயமாக முடியும், ஆனால் அதற்காக வீட்டாரிடம் இப்போதே பணம் கேட்க வேண்டியதில்லை. 1998 உலகக் கிண்ணக் காலிறுதியில் ஆர்ஜென்ரீனாவுக்கு எதிராக, நெடுந்தூரத்திலிருந்து வந்த பந்தை ஒரே தொடுகையில் அடக்கி, மூன்றாவது தொடுகையில் கோலாக்கிய நெதர்லாந்து வீரர் டெனிஸ் பேர்க்காம்ப், சிறுவயதில் அம்ஸ்ரர்டாமில் சுவரில் பந்தை உதைத்து உதைத்தே பழகியவர். உங்களுக்கும் ஒரு சுவர் போதும். பூச்சுப் பூசாத சீமெந்துக் கல்லுச் சுவர் பந்தின் தோலை உரித்துவிடுவதோடு கண்டபடி திசைமாற்றியும் விடுமாதலால், பூச்சுப் பூசிய சுவரையே தெரிவு செய்யுங்கள்.

சுவரிலிருந்து 4 மீற்றர் தள்ளி நின்று தொடங்குங்கள். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், நீங்கள் குறிவைக்கும் திசையை நோக்கி இருக்க வேண்டும். உதைக்கும் காலின் கணுக்கால் தளராமல், பாதத்தின் உட்பக்கம் பந்தின் நடுவில் பட வேண்டும். திரும்பி வரும் பந்தைக் கவனித்தால் பிழை எங்கே என்று உங்களுக்கே விளங்கும். அது பக்கவாட்டில் சுழன்றபடி வந்தால் நடுவை விட்டு ஓரத்தில் உதைத்திருக்கிறீர்கள். எழும்பித் துள்ளி வந்தால் உடலைப் பின்னுக்குச் சாய்த்துப் பந்தின் கீழ்ப்பகுதியில் உதைத்திருக்கிறீர்கள். எத்தனை முறை உதைத்தோம் என்று எண்ணுவதைவிட இதைக் கவனிப்பதே பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் குறை பந்தை ஏற்பதில்தான் இருக்கிறது. விறைத்த காலில் பட்ட பந்து மரக்கட்டையில் பட்டதுபோல விலகி ஓடும். ஆகவே பந்து தொடும் கணத்தில் பாதத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து அதன் வேகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இது பழகியபின், பந்தைக் காலடியிலேயே நிறுத்தாமல், அடுத்து உதைக்க வசதியான பக்கத்துக்கு முதல் தொடுகையிலேயே நகர்த்துங்கள். பந்து சுவரில் பட்டுத் திரும்பும் இடைவெளியில் ஒருமுறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கவும் பழகுங்கள். நடுக்கள வீரருக்கு அது இன்றியமையாதது. நாளொன்றுக்கு 20 நிமிடங்கள் போதும். அதிலும் பாதிக்கு மேற்பட்ட நேரத்தைப் பழகாத காலுக்கே கொடுங்கள்.

உயரத்தில் வரும் பந்தை நெஞ்சிலும் தொடையிலும் அடக்கப் பழகவே வலை உதவும். ஆழமாக நட்ட இரண்டு கம்பங்களுக்கிடையே பழைய மீன்பிடி வலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, சைக்கிள் ரியூப் துண்டுகளால் இழுத்துக் கட்டினால் பந்து மேலெழும்பித் திரும்பும். தவறிய பந்து பற்றைக்குள் ஓடாத இடமாகப் பாருங்கள். கண்ணிவெடி அபாயப் பலகை உள்ள காணிக்குள் பந்து போனால், அந்தப் பந்தை மறந்துவிடுங்கள், ஒரு காலடிகூட உள்ளே வைக்காதீர்கள்.

சுவர் உங்களிடமிருந்து பந்தைப் பறிக்க வராது என்பதால், அணியினரோடு கூடும் அந்த 2 நாட்களையும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. சுவரில் உதைத்துப் பழக அவனுக்கு எந்தப் பந்தை வாங்கலாம்? (ஒரு தாய், விசுவமடு)

பதில்: அம்மா, பெரியவர்கள் ஆடும் 5ஆம் இலக்கப் பந்து 410 முதல் 450 கிராம் வரை நிறையுடையது, அது அவனுடைய காலுக்குப் பாரமானது. சுற்றளவு ஏறத்தாழ 64 முதல் 66 சென்ரிமீற்றர் வரையுள்ள 4ஆம் இலக்கப் பந்தை வாங்கிக்கொடுங்கள். காற்றைக் கல்லுப்போல இறுக நிரப்ப வேண்டாம்.