ஐம்பது விநாடிக் குடும்பம்

கேள்வி: 1897-இல் ஜப்பானில், சினிமாவின் முன்னோடிகளான பிரான்சின் லூமியேர் சகோதரர்களின் கம்பெனி எடுத்த ‘குடும்ப உணவு’ துண்டுப்படத்தை இணையத்தில் பார்த்தேன். கேமரா இருப்பதே தெரியாமல் ஒரு வீட்டார் சாப்பிடுகிறார்கள். இன்றைய ஆவணப்படக்காரர்களுக்கு அந்த நேர்மை ஏன் இல்லை?

பதில்: தெரியாமலா? அந்த வீட்டுக்காரர் கியோட்டோ ஜவுளி வியாபாரி இனாபாதா கட்சுதாரோ. பிரான்சின் லியோன் நகரில் படித்த காலத்திலேயே, சகோதரர்களில் ஒருவரான ஆகுஸ்த் லூமியேரோடு பழக்கம். படம் எடுக்கவும் காட்டவும் உதவும் லூமியேர் கருவியான சினிமாட்டோகிராஃபை ஜப்பானுக்குக் கொண்டுவந்து, அதே 1897 பிப்ரவரியில் ஒசாகாவில் காட்டியவரே அவர்தான். ஊருக்குப் படம் காட்டியவருக்குத் தன் வீட்டில் நிற்கும் பெட்டி தெரியாதா?

கேமராவின் கைப்பிடியைச் சுற்றிப் படம் எடுத்தவர் கம்பெனி அனுப்பிய கான்ஸ்தான் ஜிரேல். ஃபிலிம் சுருள் சுமார் 17 மீட்டர். விநாடிக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு எட்டு ஃபிரேம். ஐம்பது விநாடியில் தீர்ந்துவிடும். பார்த்துக்கொண்டே எடுக்க வ்யூஃபைண்டர் கிடையாது. ஃபிலிம் மாட்டுமுன் பின்கதவைத் திறந்து, தலைகீழாக விழும் பிம்பத்தில் ஃபோகஸ் வைத்து, எதுவரை படத்தில் வரும் என்று மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். கதவை மூடியபின் ஓரத்தில் இருப்பவர் ஒரு சாண் நகர்ந்தாலும் பாதி முகம் போச்சு. இந்த வகைப் படங்களில் எல்லாரும் நெருக்கியடித்து, கேமராவுக்கு முதுகு காட்டாமல் உட்கார்ந்திருப்பது பாசத்தால் அல்ல.

வெளிச்சம் அதைவிடப் பெரிய தொல்லை. ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது விநாடியில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கு. தாழ்ந்த இறவாணமும் காகிதக் கதவுமாக இருக்கும் ஜப்பானிய உள்ளறையில் அதற்கு ஒன்றும் பதியாது. எனவே ‘வீட்டு வாழ்க்கை’ வெயில் விழும் இடத்துக்கு வந்து உட்கார வேண்டியிருந்தது. அடுப்படி ஏன் படத்துக்குள் வரவில்லை என்பதற்கும் இதுவே பதில். ஃபிலிமும் நீலத்தைத்தான் நன்றாக வாங்கும்: சிவப்பு அரக்குக் கிண்ணம் கறுத்துவிடும், வெளிர்நீலக் கிமோனோ வெளுத்துவிடும். நிறத்தைப் பார்த்து ‘எளிய உடை’ என்று உருகுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

பொய்ப் படம் என்று நான் சொல்லவில்லை. உட்காரவைத்தது ஏற்பாடுதான்; ஆனால் கிண்ணத்தை ஏந்தும் விரலையும் குச்சி பிடிக்கும் கையையும் ஐம்பது விநாடிக்காக யாரும் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. முகங்களை விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள். எல்லாரும் அவசரமாகத் தின்பதுபோல் தெரிந்தால், விநாடிக்கு 16 ஃபிரேமில் எடுத்ததை 24-இல் ஓட்டியிருப்பார்கள். வேகத்தை 0.75-க்குக் குறையுங்கள், ஏறக்குறைய சரியாகிவிடும்.