விதையிலிருந்து செங்காந்தள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வேலியோரத்தில் படர்ந்திருந்த செங்காந்தளின் காய்கள் வெடித்திருந்ததைக் கண்டு, தை மாதத்தில் விதைகளைச் சேகரித்து, அந்த வாரமே சிலவற்றைத் தொட்டியில் ஊன்றினேன். ஒரு மாதத்துக்கு மேலாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை கெட்டுவிட்டதா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு, விதைத்த காலம்தான் முந்திவிட்டது. மழை ஓய்ந்து வறட்சி தொடங்கும் நேரத்தில் உதிரும் இவ்விதை உடனே முளைத்தால் நாற்று கோடையில் கருகிவிடும். அதனால் அடுத்த பருவம் வரை, ஏறத்தாழ 6 முதல் 9 மாதங்கள், அது உறக்கநிலையில் இருக்கிறது. எனவே தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். மண் சொதசொதவென்று நனையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் மீதி இருக்கும் விதைகளை நிழலில் உலர்த்தி, காகித உறையில் இட்டு, ஆடி வரை வையுங்கள். பிறகு கையுறை அணிந்து, ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்து, விதையைச் சுற்றியுள்ள செந்நிறச் சதையைத் தேய்த்து நீக்கிவிட்டு, செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் கலந்த, நீர் தேங்காத மண்ணில் 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். கிழங்கு கீழ்நோக்கி இறங்கும் இயல்புடையதாகையால் தொட்டி குறைந்தது 30 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும். ஒரே நாளில் ஊன்றியவற்றுள் சில 3 வாரத்தில் முளைக்கும். சில 3 மாதமும் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: ஆடியில் விதைத்து முளைத்த நான்கு நாற்றுகள் சாண் உயரம்கூட வளராமல், மார்கழியில் மஞ்சளித்துக் காய்ந்துவிட்டன. பிடுங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், புதுக்கோட்டை

பதில்: தயவுசெய்து பிடுங்காதீர்கள். உங்கள் செடிகள் தம் முதலாண்டு வேலையைச் சரியாகவே முடித்திருக்கின்றன. செங்காந்தள் பல்லாண்டு வாழும் கொடி. மண்ணுக்கு மேலுள்ள பகுதி ஆண்டுதோறும் காய்ந்துபோக, உயிர் கிழங்கில் தங்குகிறது. முதலாண்டில் நாற்று விடுகிற சில இலைகள் முழுக்க முழுக்க ஒரு சிறு கிழங்கைத் திரட்டவே உழைக்கின்றன என்பதால், மேலே தெரியும் வளர்ச்சியைக் கொண்டு அச்செடியை மதிப்பிடுவது தவறாகும். இப்போது நீர் விடுவதை நிறுத்தி, மழை படாத இடத்தில் தொட்டியை நகர்த்தி வையுங்கள். தோண்டிப் பார்க்கும் ஆவலையும் அடக்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் கிழங்கின் நுனியில்தான் வளர்மொட்டு இருக்கிறது, எளிதில் ஒடியும் அந்நுனி போய்விட்டால் மறுபடி துளிர்க்காது.

அடுத்த பருவத்தில் தளிர் கண்டதும் நீர் விடத் தொடங்குங்கள். கொடி உயரும்போது இலை நுனிகளே சுருண்டு பற்றுக்கம்பிகளாகும். அவை பருத்த கம்பைச் சுற்ற இயலாதவை, ஆகவே மெல்லிய சுள்ளிகளை நட்டுக் கொடுங்கள். பூ பெரும்பாலும் மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில்தான் வரும். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதிகளில் இதைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிரிடும் உழவர்கள் கிழங்கையே நடுவதற்கு இந்தத் தாமதமே காரணம். வீட்டுத் தோட்டத்துக்கு அவசரம் எதுவுமில்லை. பச்சை கலந்த மஞ்சளாய் மலர்ந்து, நாளுக்கு நாள் செம்மையேறும் அந்த ஆறிதழ்ப் பூ காத்திருப்புக்குத் தகுந்ததே. அதிலிருந்து விதை பெற விரும்பினால், சூல்தண்டு மகரந்தப்பைகளை விட்டுப் பக்கவாட்டில் மடங்கியிருப்பதால், காலை வேளையில் வேறொரு செடியின் மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தடவிவிட வேண்டியிருக்கலாம்.

கேள்வி: மலையடிவாரக் காட்டில் கிழங்கைத் தோண்டிவந்து நட்டால் விரைவில் பூக்குமே?
– ஒரு வாசகர், தேனி

பதில்: பூக்கலாம், ஆனால் அதைச் செய்யாதீர்கள். காப்புக்காட்டில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். அதைவிட, பல ஆண்டுகள் எடுத்து வளர்ந்த ஒரு தாய்ச்செடியை அவ்விடத்திலிருந்து முற்றாக நீக்கிவிடுகிறீர்கள். மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே இக்கொடி பல இடங்களில் அருகிவிட்டது. தமிழ்நாட்டின் மாநில மலர் இது. கிழங்குதான் வேண்டுமென்றால் பயிரிடுவோரிடம் வாங்குங்கள்.

கேள்வி: சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் வளர்க்கலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தவழும், வாயில் எடுத்து வைக்கும் வயதுக் குழந்தைகள் இருந்தால் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. செடியின் எல்லாப் பகுதிகளிலும் கோல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. கிழங்கை உண்ணத்தக்கதென்று தவறாக எண்ணி உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். நஞ்சின் குறிகள் உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்தே வாந்தி, பேதி எனத் தொடங்கும் என்பதால், ஒருவர் தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஆடு மாடுகளுக்கும் எட்டாத இடத்திலேயே வளர்க்கவும். விதை ஊறவைத்த நீரைக் கால்நடைகள் குடிக்கும் இடத்தில் ஊற்றாதீர்கள்.