காட்பாடிக் கரண்டில் ட்யூப் ஆம்ப்: 18 வாட்டா, 30 வாட்டா?

காட்பாடி காந்தி நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சார், வார நாட்களில் வீட்டு மாடி அறையில் கிட்டார் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனைக் குழுவில் வாசிக்கிறேன். எப்போதாவது கல்லூரி விழா மேடையும் கிடைக்கும். இதுவரை சாலிட் ஸ்டேட் ஆம்ப்தான். நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா, அங்கே ஒரு சிறு பட்டறையில் கையால் செய்த ட்யூப் (வால்வு) ஆம்ப் வாங்கிவருவதாகச் சொல்கிறார். இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் இரண்டு இஎல்84 வால்வு, 18 வாட். இன்னொன்றில் நான்கு இஎல்84, 30 வாட். எதை வாங்கச் சொல்லட்டும்? கைவேலைக்கு அவ்வளவு விலை தகுமா?"

18 வாட்டை வாங்கச் சொல்லுங்கள். ஆனால் அதன் பவர் டிரான்ஸ்ஃபார்மரில் 230 அல்லது 240 வோல்ட் டேப், அதாவது அந்த வோல்டேஜுக்கான இணைப்பு முனை, இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டுமே வேண்டாம். வேறு ஆம்ப் பாருங்கள்.

முதலில் வாட் கணக்கு. 18 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு டெசிபலுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறத்தாழ பத்து டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். அந்த இரண்டு டெசிபலை ஸ்பீக்கரிலேயே எடுத்துவிடலாம். செலஸ்டியன் கிரீன்பேக் ஸ்பீக்கரின் உணர்திறன் 98 டெசிபல், அதே நிறுவனத்தின் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு 100 டெசிபல். கிரீன்பேக்கைக் கழற்றி விண்டேஜ் 30 போட்டாலே உங்கள் 18 வாட் ஆம்ப் கிட்டத்தட்ட 30 வாட் ஆம்பின் சத்தத்தைத் தொட்டுவிடும். ஆம்பைத் தேர்ந்தெடுக்கும்போது வால்வைப் பற்றி மணிக்கணக்கில் படிக்கும் பலர் ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்பதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

இன்னொன்று, ட்யூப் ஆம்ப் அழகாகப் பேசுவது அதன் பவர் வால்வுகள் உழைக்க ஆரம்பிக்கும் இடத்தில்தான். குமிழை ஐந்து, ஆறுக்குத் திருப்பினால்தான் அந்த இடம் வரும். நம் ஊர் சர்ச்சுகளில் பெரும்பாலும் டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், உயரமான கூரை. 30 வாட்டை அங்கே ஆறுக்குத் திருப்பினால் பாடகர் குழு காணாமல் போய்விடும், மிக்ஸரில் இருப்பவர் உங்களைக் குறைக்கச் சொல்வார், நீங்கள் இரண்டில் வைத்து வாசிப்பீர்கள். இரண்டில் வைத்த 30 வாட் ஆம்ப் உயிரில்லாமல் ஒலிக்கும். 18 வாட்டை நான்கு, ஐந்தில் வைத்து, சபையை நோக்கித் திருப்பாமல் கொஞ்சம் சாய்த்து வைத்து, முன்னால் ஒரு ஷூர் எஸ்எம்57 மைக் போட்டால் மீதியை ஹால் ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளும். கல்லூரி மேடைக்கும் இதே வழிதான்.

மாடி அறைக்கு 18 வாட்கூட அதிகம். 98 டெசிபல் ஸ்பீக்கரோடு முழுக்கத் திறந்தால் ஒரு மீட்டரில் 110 டெசிபல் வரும். பக்கத்து வீட்டுக்காரர் தாங்க மாட்டார், உங்கள் காதும் தாங்காது. அதனால் மாஸ்டர் வால்யூம், அதாவது மொத்தச் சத்தத்தைக் குறைக்கும் தனிக் குமிழ், இருக்கிறதா என்று கேளுங்கள். 1960களின் நடுவில் மார்ஷல் செய்த 18 வாட் ஆம்பில் அது கிடையாது. இன்றைய கைவேலைக்காரர்களில் சிலர் அந்த சர்க்யூட்டை அப்படியே எடுத்துச் செய்வார்கள், சிலர் மாஸ்டர் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் போட்டுச் சத்தத்தைக் குறைக்கும் அட்டென்யூவேட்டர் ஒன்று வாங்க வேண்டிவரும். அதன் ஓம் அளவு ஆம்பின் அளவோடு பொருந்த வேண்டும்.

சரி, கரண்டுக்கு வருகிறேன். இதில்தான் பணமும் ஆம்பும் வீணாகின்றன.

அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிட்டால் போதும் என்று சொல்வார்கள். அது வோல்டேஜை மட்டும்தான் இறக்கும். ஹெர்ட்ஸ் அப்படியே 50தான். 60 ஹெர்ட்ஸுக்கென்றே கணக்காகச் சுற்றிய பவர் டிரான்ஸ்ஃபார்மரில் 50 ஹெர்ட்ஸ் ஏறும்போது அதன் இரும்புக் கோரில் காந்தச் சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. கோர் திணறும், உறுமும், சூடாகும். தாராளமாகச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சமாளித்துவிடும். கஞ்சத்தனமாகச் செய்தது வேலூர் மே மாதத்தில், நாற்பது டிகிரியைத் தாண்டும் மதியத்தில், இரண்டு மணிநேர ஒத்திகையிலேயே கைவைக்க முடியாத சூட்டுக்குப் போகும். அந்தச் சூட்டில் பக்கத்திலிருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களும் சீக்கிரம் வற்றும். பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு.

ஆகவே உலகம் முழுக்க விற்கும் பட்டறைகள் போடும் 120, 230, 240 என்று பல டேப் உள்ள டிரான்ஸ்ஃபார்மரைத்தான் கேளுங்கள். புதிதாகச் செய்யச் சொல்வதென்றால் பெரும்பாலோர் கூடுதல் விலை அதிகம் கேட்காமல் போட்டுத் தருவார்கள். 240 டேப் இருந்தால் காட்பாடியில் அதையே பயன்படுத்துங்கள் என்பது என் கருத்து. காரணம், 230 என்பது காகிதத்தில்தான். ராத்திரி பதினோரு மணிக்குத் தெருவில் சுமை குறைந்ததும் சில இடங்களில் 245, 250 வரை ஏறும். 230 டேப்பில் 250 வந்தால், 6.3 வோல்ட் வேண்டிய வால்வு ஹீட்டருக்கு 6.8க்கு மேல் போகும். வால்வின் உள்ளே இருக்கும் பிளேட் என்ற தகட்டுக்குப் போகும் வோல்டேஜும் அதே விகிதத்தில் ஏறும். இஎல்84 ஏற்கெனவே பாவப்பட்ட வால்வு. அதன் பிளேட் தாங்குவது 12 வாட்தான். இந்த வகை ஆம்ப்களில் அதை எல்லையிலேயே நிற்கவைத்து வேலை வாங்குகிறார்கள், அந்த மணியோசை அப்படித்தான் வருகிறது. அதற்கு மேலும் வோல்டேஜ் கூடினால் வால்வு சில மாதங்களிலேயே தேய்ந்துபோகும்.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம், காலை, மதியம், இரவு என்று உங்கள் அறை பிளக்கில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவரை வைத்து எழுதி வையுங்கள். ஏற்ற இறக்கம் அதிகமென்றால் ஸ்டெபிலைசர் வேண்டும். ஃபிரிட்ஜுக்கு வைக்கும் ரிலே ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்று மாறும்போதெல்லாம் அது ஸ்பீக்கரில் கேட்கும், சர்வோ வகையே மேல். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் கரண்ட் போனதும் ஆம்பை அணைத்துவிடுங்கள். ரீங்காரம் மட்டுமல்ல, டிரான்ஸ்ஃபார்மருக்கும் நல்லதல்ல. சைன் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டலாம்.

எர்த் பற்றி அழுத்திச் சொல்கிறேன். கிட்டாரின் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. உங்கள் விரல் கம்பியில், உதடு மைக்கின் இரும்பு வலையில். ஆம்ப் பிளக்கில் எர்த் செத்துப்போயிருந்து, மிக்ஸர் வேறு லைனில் இருந்தால், நடுவில் இருப்பது உங்கள் உடம்பு. பழைய வீடுகளிலும் பழைய சர்ச் கட்டடங்களிலும் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வரும் அளவே ஏறத்தாழ அங்கேயும் வர வேண்டும். ஆம்பும் மிக்ஸரும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுக்கட்டும், பாதி உறுமல் அதிலேயே போய்விடும். உறுமலை நிறுத்த எர்த் பின்னைக் கழற்றுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இனி, கைவேலைக்கு விலை தகுமா? அமெரிக்கக் கைவேலை ஆம்ப்கள் சுமார் இரண்டாயிரம் டாலரிலிருந்து நாலாயிரத்துக்கு மேலும் போகின்றன. அவற்றில் பெரும்பகுதி ஐம்பது, அறுபதுகளில் வந்த சில சர்க்யூட்களின் வாரிசுகள்தான். ஃபெண்டர் பாஸ்மேனைப் பார்த்துத்தான் மார்ஷலின் ஜேடிஎம்45 பிறந்தது. வாக்ஸ் ஏசி30தான் மேட்ச்லெஸ் டிசி-30க்கு மூலம். எனவே பட்டறையின் பெயரைவிட நீங்கள் விரும்பும் ஒலி எந்தக் குடும்பம் என்பதே முதல் கேள்வி. மேல் ஸ்தாயி மணி மாதிரி மின்ன வேண்டும், டிலே பெடலோடு ஆராதனைப் பாட்டுக்குப் பொருந்த வேண்டும் என்றால் இஎல்84 குடும்பம் சரி. உருண்டையாக, இனிப்பாக, சீக்கிரம் கரகரக்க வேண்டுமென்றால் 6வி6 வால்வு. ராக் வாசிப்பின் நடுப்பகுதி உறுமலுக்கு இஎல்34. எவ்வளவு திருப்பினாலும் சுத்தமாக நிற்க வேண்டுமென்றால் 6எல்6. தேர்வு என் கையில் இருந்தால், நம் வோல்டேஜுக்கும் வெயிலுக்கும் 6வி6 போட்ட ஒரு 15 வாட்டையும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பேன்.

கையால் ஒயர் இழுத்ததாலேயே ஒலி உயர்ந்துவிடாது. நல்ல அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், தாராளமான பவர் டிரான்ஸ்ஃபார்மர், பழுது பார்க்க இடம் விட்டுக் கட்டிய சேசிஸ் ஆகியவற்றுக்குத்தான் அந்த விலை. கடைசியில் சொன்னது உங்களுக்கு மிக முக்கியம். உங்கள் ஆம்ப் கெட்டால் நியூ ஜெர்சிக்குத் திருப்பி அனுப்பப் போவதில்லை. வால்வு ரேடியோ காலத்தில் நம் வீடுகளில் இருந்த பல பிலிப்ஸ் செட்களில் ஒலி கொடுத்ததும் இதே இஎல்84தான். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸே அதை ஒரு காலத்தில் தயாரித்தது. ஆற்காடு, ராணிப்பேட்டை, வேலூர் பக்கம் அந்த செட்களைத் திறந்து பழகிய ஒரு மூத்த மெக்கானிக்கைத் தேடிப் பிடியுங்கள். சர்க்யூட் படத்தைக் கையில் கொடுத்தால், டர்ரெட் போர்டில் (பாகங்களைச் சிறு உலோக முனைகளில் கையால் ஈயம் வைத்து இணைக்கும் பலகையில்) கட்டிய ஆம்பை அவர் தைரியமாகப் பார்ப்பார். வால்வு சாக்கெட்டையே பிரிண்டட் போர்டில் ஈயம் வைத்த மலிவு ஆம்ப் அப்படியல்ல. வால்வின் சூட்டில் அந்த ஈயம் விரிசல் விடும், திரும்பத் திரும்பப் பழுது வரும். ஆனால் நீங்களோ பொறியியல் படிக்கும் நண்பர்களோ மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டென்சர்களில் முந்நூறு, நானூறு வோல்ட் நிற்கலாம்.

இந்த இரண்டு ஆம்ப்களும் பெரும்பாலும் கேத்தோடு பயாஸ் வகையாகத்தான், அதாவது வால்வின் ஓட்டம் தானாகவே சீராகும் வகையாகத்தான் இருக்கும், அதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பவர் வால்வு தீர்ந்ததும் பொருத்தமான ஜோடி வாங்கிச் செருகினால் போதும், மெக்கானிக்கைத் தேடி பயாஸ் வைக்க வேண்டியதில்லை. அப்புறம், ஸ்பீக்கர் இணைக்காமல் ட்யூப் ஆம்பை ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள். வாசித்த நொடியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். ஸ்பீக்கர் இல்லாத தனி ஹெட்டாக வாங்கினால் கேபினட்டுக்கு (ஸ்பீக்கர் பெட்டிக்கு) போகும் ஒயர் தடித்த ஸ்பீக்கர் ஒயராக இருக்கட்டும், கிட்டார் கேபிள் கூடாது.

தனி ஹெட் வாங்குவதை நான் ஆதரிக்கிறேன். ஆம்பும் ஒரு 12 அங்குல ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் 1x12 காம்போ பல நேரம் 20 கிலோவைத் தாண்டும். பெட்டிக்கு 23 கிலோ என்று வைக்கும் விமானத்தில் சித்தப்பாவுக்குச் சிரமம். கேபினட்டை இங்கே நல்ல ஆசாரி ஒருவர் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அழகாகச் செய்து தருவார், பின்பக்கம் பாதி திறந்திருக்கட்டும். ஸ்பீக்கர் குறைந்தது 30 வாட் தாங்க வேண்டும். முழுக்கத் திறந்த 18 வாட் ஆம்ப், ஒலி உடையும்போது எழுதியிருக்கும் வாட்டை எளிதாகத் தாண்டும். மிச்சமாகும் பணத்தில் சுங்க வரியையும் கணக்கில் வையுங்கள்.

சித்தப்பா கடையில் என்ன பார்க்க வேண்டும்? பெடல் இல்லாமல் கிட்டாரை நேராகச் செருகி, ஆம்பை ஏழில் வைத்து, கிட்டாரின் வால்யூமைப் பத்திலிருந்து நாலுக்கு இறக்கச் சொல்லுங்கள். கரகரப்பு கலைந்து, ஒலி மங்காமல் சுத்தமானால் அது நல்ல ஆம்ப். அடித்தந்தியைத் தட்டும்போது தொளதொளத்தால் நல்லதல்ல. பென்சிலால் ஒவ்வொரு சிறிய வால்வையும் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் 'டிங்' என்று பலமாகக் கேட்கும் வால்வை மாற்றித் தரச் சொல்ல வேண்டும். ஒரு மணிநேரம் ஓடிய பிறகு எரிந்த வாடை இருக்கக் கூடாது. அவர் கிட்டார் வாசிக்காதவரென்றால், கடைக்காரரை வாசிக்கச் சொல்லி வீடியோ அழைப்பில் கேளுங்கள். நுணுக்கம் தெரியாது, உறுமலும் தொளதொளப்பும் தெரியும்.

கொண்டுவரும்போது வால்வுகளைக் கழற்றி, எது எந்த சாக்கெட் என்று எழுதி, தனித்தனியாகச் சுற்றிக் கைப்பையில் வைக்கட்டும். கூடவே மாற்று பவர் வால்வு ஜோடி ஒன்று, 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய வால்வு இரண்டு, சர்க்யூட் படம். இங்கே வந்து டேப்பை 240க்கு மாற்றியதும் ஃபியூஸையும் மாற்ற வேண்டும். 120 வோல்ட்டில் 2 ஆம்பியர் போட்டிருந்தால் இங்கே 1 ஆம்பியர், ஸ்லோ புளோ வகை. அமெரிக்க ஃபியூஸையே விட்டுவைத்தால் கோளாறு வரும் நாளில் அது உருகாது, டிரான்ஸ்ஃபார்மர்தான் உருகும்.