டீச்சரைக் கேளுங்க!

எங்கள் ஈராசிரியர் பள்ளியில் 28 பிள்ளைகள், ஒரே லேப்டாப். கரண்ட் இருந்தால் உண்டு. கம்ப்யூட்டர் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
_ஆசிரியை, கல்வராயன்மலை_

லேப்டாப் கொஞ்ச நாள் பீரோவிலேயே இருக்கட்டும், டீச்சர். பழைய காலண்டர் அட்டையை ஐந்தாக வெட்டுங்கள். ஒன்றில் ஒரு புள்ளி, அடுத்தடுத்து 2, 4, 8, 16. பின்பக்கம் வெறுமை. ஐந்தாம் வகுப்பில் ஐந்து பேரை நிற்க வைத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். வகுப்பிலிருந்து பார்த்தால் 16 இடது ஓரம், 1 வலது ஓரம். பிறகு ஒரு பிள்ளையின் பிறந்த தேதியைக் கேளுங்கள். 23 என்றால் 16, 4, 2, 1 தெரிய வேண்டும். 8 மட்டும் திரும்பிக்கொள்ள வேண்டும். "எட்டு, நீ மூடுடா!" என்று வகுப்பே கத்தும், பக்கத்து அறை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐந்தும் தெரிந்தால் 31. அதற்கு மேல் தேதி கிடையாது என்பதால் யாருடைய பிறந்தநாளும் விட்டுப்போகாது. தெரிந்தால் 1, மூடினால் 0 என்று போர்டில் எழுதினால் 10111. கம்ப்யூட்டருக்குள் 23 இப்படித்தான் இருக்கிறது. நியூசிலாந்தின் கணினிப் பேராசிரியர் டிம் பெல்லும் சகாக்களும் 'சிஎஸ் அன்பிளக்டு' (கம்ப்யூட்டர் இல்லாமலே கம்ப்யூட்டர் அறிவியல்) என்ற பெயரில் பரப்பிய விளையாட்டு இது.

சின்னதுகளுக்குத் தரையில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். ஒருத்தி ரோபோ. "நேரா போ" என்றால் அசையக் கூடாது. "மூணு கட்டம் போ" என்றால்தான் நகரலாம். சுவரில் முட்டினால் ரோபோவைத் திட்டாமல், கட்டளையில் எந்த வரி தப்பு என்று தேடச் சொல்லுங்கள்.

அதன்பின் லேப்டாப்பில் ஸ்க்ராட்ச் ஏற்றுங்கள். கட்டளைத் துண்டுகளை மவுஸால் இழுத்து அடுக்கிப் பிள்ளைகள் புரோகிராம் செய்யும் மென்பொருள் அது. நெட் இல்லாமலே ஓடும். ஒரு முறைக்கு மூன்று பேர், மவுஸ் கைமாறிக்கொண்டே இருக்கட்டும். இல்லாவிட்டால் கெட்டிக்காரன் ஒருவன் விடமாட்டான்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனை இப்போதே கோடிங் கிளாஸில் சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவான் என்று கிளாஸ் நடத்துபவர்கள் போன் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்...
_வாசகர், ஈரோடு_

போனை எடுக்காதீர்கள். இங்கிலாந்தில் 2014 முதல் ஐந்து வயதிலிருந்தே கம்ப்யூட்டிங் பாடம் உண்டு. அங்கேயும் முதல் படியில் கேட்பது, ஒரு வேலையை வரிசையாகப் படிகளாகச் சொல்வதும், சின்ன புரோகிராம் எழுதித் தப்பைத் திருத்துவதும்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007-ல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, இலவசம். தங்கை இருந்தால் அவளுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர். எழுத்துக்கூட்டத் தெரியாவிட்டாலும் படத்தை இழுத்து வைத்தே கதை செய்யலாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள் சார்.

மகள் ஆங்கில எழுத்தில் அடித்தே தமிழை வரவழைக்கிறாள். அது போதாதா?
_வாசகி, காரைக்குடி_

அவசரத்துக்குப் போதும். ஆனால் 'ள'வா 'ழ'வா என்று அவள் யோசிக்கும் முன்பே திரை ஒரு சொல்லை நீட்டிவிடுகிறது. எழுத்துப் பிழைக்கு அதைவிட நல்ல உரம் இல்லை. தமிழ்99 விசைப்பலகைக்கு மாற்றுங்கள். உயிரெழுத்தெல்லாம் இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டுத் தட்டினால் 'அம்மா'. நடுவில் புள்ளி தானே விழும். விசைகளுக்குத் தமிழ் ஸ்டிக்கர் வாங்கி, ஒட்டும் வேலையை அவளிடமே விடுங்கள். பாதி எழுத்துகளின் இடம் அப்போதே மனசில் ஏறிவிடும்.