வெளிநாட்டுப் பேரிடர்களில் உதவும் சின்ன கிறிஸ்தவ அமைப்புகளால் உண்மையில் ஏதாவது ஆகிறதா? அவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் அந்த அமைப்புக்குப் பேரிடருக்கு முன்பே அந்த ஊரோடு பழக்கம் இருக்க வேண்டும். டிவியில் செய்தி பார்த்துவிட்டுப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் என்றால், பணத்தைப் பெரிய நிறுவனம் எதற்காவது கொடுத்துவிடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டது 2015 நேபாள நிலநடுக்கத்தில்.

நான் இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். எங்கள் சபையை ஒட்டி ஒரு சின்ன அறக்கட்டளை. அறக்கட்டளை என்றதும் ஆபீஸ், கார் என்று நினைத்துவிடாதீர்கள். ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ், அவர் கணவர், ஒரு டீச்சர், கணக்கு எழுத நான், அவ்வளவுதான். நேபாளத்தின் சிந்துபால்சோக் மாவட்டத்தில் ஒரு மலைக் கிராமப் பள்ளிக்குச் சில வருடங்களாக நோட்டுப் புத்தகமும் ஒரு ஆசிரியர் சம்பளமும் அனுப்பி வந்தோம். அங்கே எங்களுக்குத் தெரிந்தவர் ஊர்ப் போதகர் ஒருவர்தான். அவரை எல்லோரும் 'தாய்' என்போம். நேபாளியில் அண்ணன் என்று அர்த்தம். ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் "தாய்கிட்ட பேசினேன்" என்று போனில் சொல்லிவிட்டு அதை விளக்கப் பட்ட பாடு தனிக் கதை.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நேபாளத்தில் பகல் 11:56, எங்களுக்குக் காலை 7:11. அந்த நாட்டில் வார விடுமுறை சனிக்கிழமை, அதனால் சபைகள் கூடுவதும் அன்றுதான். பள்ளிகள் பூட்டிக் கிடந்ததால் எத்தனையோ பிள்ளைகள் தப்பின. ஆராதனையில் உட்கார்ந்திருந்தவர்கள் பல ஊர்களில் தப்பவில்லை. மண்ணைக் குழைத்துக் கல்லடுக்கிய சுவர், ஆட்டம் தாங்காது. தாய் எங்களுக்கு அனுப்பிய முதல் படத்தில் சபை வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள் வரிசை கலையாமல் இருந்தன. பின்னால் சுவர் இல்லை. நாடு முழுவதும் சுமார் 9,000 பேர் இறந்தார்கள், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிந்துபால்சோக்கில்.

நாங்கள் முதலில் செய்தது முட்டாள்தனம். பழைய ஸ்வெட்டர் சேர்த்தோம். சபை ஹால் நிரம்பிவிட்டது. காத்மாண்டு விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதை, அதிலும் கீறல் விழுந்து பெரிய விமானங்களை இறங்க விடவில்லை, இறங்கிய சரக்கோ சுங்கத்தில் தேங்கிக் கிடந்தது. அப்புறம் ஸ்வெட்டர்களை நாங்களே விற்றுக் காசாக்கினோம். எல்லாம் சேர்த்து 6,000 பவுண்ட் சொச்சம் வந்தது. இதே பேரிடருக்கு இங்குள்ள பெரிய நிறுவனங்களின் கூட்டமைப்பு திரட்டியது 8.7 கோடி பவுண்ட். எங்கள் அளவு எவ்வளவு என்று புரிந்திருக்கும்.

என்ன வேண்டும் என்று தாயிடம் கேட்டோம். ஒரே வார்த்தை, தகரம். ஜூன் நடுவில் பருவமழை பிடித்துவிடும், அதற்குள் தலைக்கு மேல் கூரை வேண்டும். மே கடைசியில் நானும் நர்ஸம்மாவும் போனோம். காத்மாண்டு கடைக்காரர் எடுத்துக் காட்டிய ஷீட்டைத் தாய் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார், பள்ளம் விழுந்தது. 32 கேஜ். கேஜ் நம்பர் ஏற ஏறத் தகரம் மெலிது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். 26 கேஜ் வரும்வரை மூன்று கடை ஏறி இறங்கினோம்.

பிரச்சினை பட்டியலில் வந்தது. தாய் முதலில் கொடுத்த பட்டியலில் 34 குடும்பங்கள், எல்லாம் அவர் சபைக் குடும்பங்கள். மற்ற வீடுகள்? "உங்கள் பணம் சபைக்காரர்கள் காணிக்கை இல்லையா?" என்று திருப்பிக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை, அந்த 34 வீட்டிலும் அவர் அடக்க ஆராதனை நடத்தியிருக்கிறார், அல்லது இறந்தவர்களின் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் தகரம் கிடைத்த வீடு எது, கிடைக்காத வீடு எது என்று எதிர் மலையிலிருந்து பார்த்தாலே பளபளவென்று தெரியும். அது அங்கே கிறிஸ்தவர்கள்மேல் எப்படி விடியும் என்று நர்ஸம்மா சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்த நாட்களில் நிவாரணம் என்ற பெயரில் ஆன்மா பிடிக்க வருகிறார்கள் என்று இணையத்தில் கடும் கோபம் ஓடிக்கொண்டிருந்தது. கோபத்தில் நியாயமும் இருந்தது. ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்ட ஒரு குழு அரிசி மூட்டையோடு துண்டுப் பிரசுரமும் நீட்டிப் படம் எடுத்துக்கொண்டதை நானே பார்த்தேன். பசித்தவன் கையில் அதைத் திணிப்பது எனக்கு ஊழியமாகத் தோன்றவில்லை.

கடைசியில் எல்லா வீடும் இருக்கும் வார்டு பட்டியலை வாங்கி, 112 வீட்டுக்கும் வீட்டுக்கு ஒரு கட்டுத் தகரம் என்று முடிவானது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு கட்டு வேண்டும். மிச்சத்தை அரசு அறிவித்த 15,000 நேபாள ரூபாய் வந்தால் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டோம். சபைப் பெரியவர் ஒருவர் தாயிடம், "வீட்டுச் சோற்றை ஊருக்குப் பங்கு வைக்கிறாயே தம்பி" என்றார். அதற்கு என்னிடம் இன்றும் நல்ல பதில் இல்லை.

லாரி நின்ற இடத்திலிருந்து மேலே பாதை கிடையாது. தகரத்தை வளைத்துக் கட்டி, நெற்றியில் பட்டை மாட்டி, பெண்கள்தான் பாதிக்கு மேல் சுமந்தார்கள். நான் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், இருபது அடி தாண்டவில்லை.

உண்மையான வேலை அதற்கப்புறம்தான். அந்தச் செப்டம்பரில் இந்திய எல்லை அடைபட்டு ஐந்து மாதம் டீசலே இல்லை, அதில் குளிர்காலம் வீணாய்ப் போனது. பிறகு அரசு வீட்டு மானியம் வந்தது. மொத்தம் 3 லட்சம் ரூபாய், மூன்று தவணை. முதலில் 50,000. அஸ்திவாரம் போட்டு, இன்ஜினியர் வந்து பார்த்து, சரி என்றால்தான் அடுத்த 1.5 லட்சம். ஆனால் 50,000-இல் அஸ்திவாரம் முடிவதில்லை. பாதியில் நின்ற வீடுகளுக்குக் கொத்தனார் கூலியைத் தாய் எங்கள் பணத்திலிருந்து கைமாற்றாகக் கொடுத்தார். தவணை வந்ததும் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்தார்கள், உடனே அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரே பணம் நாலைந்து வீட்டுக்கு அஸ்திவாரமானது. இந்த மாதிரி வேலையைப் பெரிய நிறுவனம் செய்யாது, செய்யவும் முடியாது. யார் திருப்பித் தருவார் என்று தெரிய அந்த ஊரிலேயே இருபது வருடம் இருந்திருக்க வேண்டும்.

கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு முதல் தவணையே வரவில்லை. லால்பூர்ஜா எனப்படும் நிலப் பத்திரம் செத்துப்போன மாமனார் பேரில் இருந்தது. அதை மாற்ற மாவட்டத் தலைநகர் சௌதாராவுக்கு அலைய வேண்டும். பஸ் செலவும், மனு எழுதியவருக்குக் கூலியும் நாங்கள் கொடுத்தோம். எங்கள் கணக்கைச் சரிபார்க்கும் மனிதர் "பஸ், 6 முறை" என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு, இது எப்படி நிலநடுக்க நிவாரணம் என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு 50,000 வந்த வங்கி ரசீதின் நகலைப் பின் பண்ணி அனுப்பினேன்.