ஞானஸ்நானம் பெறாமல் இறந்த என் அப்பா நரகத்தில்தான் இருப்பாரா? இறுதியில் எல்லாருக்கும் மீட்பு உண்டு என்று ஒரு கிறிஸ்தவர் நம்பலாமா?

கேள்வியை எழுதியவர் தந்த விவரம் இது: அவருடைய அப்பா கடைசிவரை சைவராக வாழ்ந்து இறந்தவர். மகள் கிறிஸ்தவரானவர். அவர் போகும் சபையில், அப்பா நித்திய அக்கினியில்தான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாரும் மீட்கப்படலாம் என்று நினைப்பதே கள்ளப் போதனை என்றும் சொன்னார்களாம். கடவுள் அன்பாக இருந்தால் இது எப்படி என்று கேட்கிறார்.

முதலில் உங்கள் அப்பாவைப் பற்றி. அவர் நரகத்தில் இருக்கிறார் என்று அறிவிக்கும் அதிகாரம் எந்த மனிதருக்கும் கொடுக்கப்படவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரக்கணக்கானவர்களைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவருடைய பெயரைக்கூட அறிவித்ததில்லை, யூதாசின் பெயரைக்கூட இல்லை. தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சியின்படி வாழ முயன்றவர்களும் மீட்படைய முடியும் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எழுதி வைத்தது. தகப்பனை இழந்த மகளிடம் இப்படிப் பேசியவர்கள் தங்களுக்குக் கொடுக்கப்படாத நீதிபதியின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் உங்கள் கேள்வி உங்கள் அப்பாவோடு நிற்கவில்லை. கடவுள் எப்படிப்பட்டவர் என்று கேட்கிறீர்கள்.

திருகோணமலையில் பல வீடுகளைப் போல எங்கள் வீடும் கலந்த வீடு. அப்பா பக்கம் வேதக்காரர்; அம்மம்மா சைவர். பத்து வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறைக்கல்வி வகுப்பில் கேட்ட ஏதோ ஒன்றை நெஞ்சில் சுமந்துகொண்டு வந்து, அம்மம்மாவின் முன்னால் அழுதேன். அவர் திண்ணையில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். "உங்கள் ஆண்டவர் எத்தனை நாள் அடிப்பாராம்?" என்று கேட்டார். முடிவே இல்லையாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "திருத்துவதற்கு அடிக்கிறவருக்கு ஓரிடத்தில் கை நின்றுவிடும். நிற்காத கை தகப்பனுடைய கை இல்லை, பிள்ளை" என்றார்.

இறைவன் வருத்தித் திருத்துவதைச் சைவ சித்தாந்தம் மறக்கருணை என்று அழைக்கிறது என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகு அறிந்தேன். பெற்றவர்கள் சொல்வழி வராத பிள்ளையை வளாரினால் அடிப்பதும் ஆராய்ந்து பார்த்தால் பரிவுதான், ஈசனின் சினமும் அப்படியே என்கிறது சிவஞான சித்தியார். இரண்டு சமயங்களும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அங்கே வினையும் பிறவியும் இருக்கின்றன, இங்கே ஒரே பிறவி, ஒரே தீர்ப்பு. ஆனாலும் அம்மம்மா கேட்ட கேள்வியைக் கிறிஸ்தவத்தின் உள்ளேயே நின்று கேட்டவர்கள் ஆதி நூற்றாண்டுகளிலேயே இருந்தார்கள்.

அவர்களில் நான் அதிகம் நேசிப்பவர் நிசா நகர் ஆயர் கிரகோரியார், 4ஆம் நூற்றாண்டுக்காரர். சாகக் கிடந்த தன் அக்கா மக்ரீனாவோடு ஆன்மாவைப் பற்றியும் உயிர்த்தெழுதலைப் பற்றியும் பேசியதாக ஓர் உரையாடலை எழுதியிருக்கிறார். அதில் ஆசிரியராக இருந்து விளக்குகிறவர் அந்த அக்காதான். சேறு கெட்டியாக அப்பிய கயிற்றை ஒரு சிறு துளையின் வழியே ஒருவர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு அவருடைய பக்கம் வரும், சேறு துளைக்கு வெளியே சுரண்டப்பட்டு விழும். கடவுள் ஆன்மாவைத் தம்மிடம் இழுக்கிறார். அதில் அப்பியிருக்கும் தீமையால்தான் அந்த இழுப்பு வேதனையாகிறது. வேதனை தருவது அவருடைய நோக்கம் அல்ல. கரைவலைக் கயிறு இழுக்கும் கடற்கரையில் வளர்ந்த எனக்கு இதை விளக்கிச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. அந்த நரகத்தில் நெருப்பு உண்டு, நோவும் உண்டு. கயிற்றின் மறுமுனையில் பிடித்திருப்பவரும் உண்டு.

இப்படி எழுதிய கிரகோரியார் கண்டிக்கப்படவில்லை. 381இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய பொதுச்சங்கத்தில் பங்கெடுத்தவர் அவர், இன்றுவரை புனிதர். அவருக்கு முன் அலெக்சாந்திரியாவின் இறையியலாளர் ஒரிஜன், எல்லாம் ஒருநாள் கடவுளிடம் மீளச் சேரும் என்று போதித்தார். 7ஆம் நூற்றாண்டில் நினிவே நகர் ஈசாக்கு, நரகத்தில் இருப்பவர்களை வதைப்பது அன்பின் சாட்டையே என்று எழுதினார்.

மறுபக்கத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 543இல் பேரரசர் ஜஸ்டினியன் ஒரிஜனின் போதனைகளுக்கு எதிராகக் கட்டளை பிறப்பித்தார். 553இல் கூடிய பொதுச்சங்கத்தோடும் ஒரிஜனுக்கு எதிரான கண்டனங்கள் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. அந்தக் கண்டனங்கள் பிறப்புக்கு முன்பே ஆன்மாக்கள் இருந்தன என்ற போதனையோடு பிணைந்தவை. அவற்றைச் சங்கமே வெளியிட்டதா என்பதிலும் அறிஞரிடையே விவாதம் உண்டு. லூத்தரன் சபையினரின் 1530ஆம் ஆண்டு அவுக்ஸ்பூர்க் அறிக்கை தண்டனைக்கு முடிவு உண்டு என்போரை வெளிப்படையாகவே கண்டித்தது. ஆகவே உங்கள் சபையார் இந்தக் கண்டிப்பைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

அவர்களுடைய வாதங்களில் மிக வலுவானது 5ஆம் நூற்றாண்டில் ஆயர் புனித அகுஸ்தீன் எழுதியது. மத்தேயு 25:46இல் "நித்திய ஆக்கினை", "நித்திய ஜீவன்" என்று இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தண்டனைக்கு முடிவு உண்டென்றால் வாழ்வுக்கும் முடிவு வந்துவிடாதா என்று கேட்டார். இதை நான் இலகுவாகக் கடந்துபோக மாட்டேன். அயோனியோஸ் என்ற அந்தச் சொல் யுகம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வருவது. வரவிருக்கும் யுகத்துக்கு உரியது என்றும் அதைக் கொள்ளலாம். யோவான் 17:3 நித்திய ஜீவனை ஆண்டுக் கணக்கால் விளக்கவில்லை, கடவுளை அறிவதே அது என்கிறது. "நித்திய" என்பதைச் சுருக்கக் கூடாது என்பவர்கள் இன்னொன்றையும் சுருக்கக் கூடாது. "ஆதாமுக்குள் எல்லாரும் மரிக்கிறதுபோல, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள்" என்று பவுல் எழுதியபோது, முதல் "எல்லாரும்" எல்லாரையும் குறிக்கிறது, இரண்டாவது சிலரை மட்டும் குறிக்கிறது என்று படிப்பது எப்படி நியாயம்?

இன்னொன்று. முடிவில்லாத் தண்டனையை மனித இரக்கத்தால் ஏற்க மறுப்பவர்கள் மிகப் பலர் என்று அகுஸ்தீனே தம் காலத்தைப் பற்றி எழுதினார். அவர் அதை மறுப்பதற்காகத்தான் எழுதினார். ஆனாலும் இந்த இரக்கம் இந்தக் காலத்தின் பலவீனம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அந்த வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மனிதனுடைய சுதந்திரத்தைக் கடவுள் மதிக்கிறார், வேண்டாம் என்பவனை வற்புறுத்த மாட்டார் என்ற வாதமும் உண்டு. உண்மைதான். ஆனால் லூக்கா 15இல் வீட்டுக்குள் வர மறுத்து வெளியே நின்ற மூத்த மகனிடம் தகப்பன் எழுந்து வெளியே வருகிறார், வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று உவமை சொல்லவில்லை. தகப்பன் அவனை விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார் என்றும் சொல்லவில்லை.

என்னை உண்மையில் பல வருடங்கள் தடுத்து நிறுத்தியது வேறொன்று. எல்லாரும் என்றால், கொன்றவர்களுமா?

எங்கள் மாமி ஒருவரின் மகன் போர்க்காலத்தில் ஒரு மாலை கடைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. அவனை ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதற்கு மேல் எதுவும் இல்லை; உடலும் இல்லை, மரணச் சான்றிதழும் இல்லை. 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு வீதியோரத்தில் உட்கார்ந்தபோது மாமியும் போய் உட்கார்ந்தார். அவருடைய மகனை எடுத்தவர்களும் மோட்சத்தில் இருப்பார்கள் என்று சொல்லும் ஒரு போதனையை, எந்த முகத்தோடு நான் அவரிடம் கொண்டுபோவேன்? இது மலிவான இரக்கம், பாதிக்கப்பட்டவருடைய கண்ணீரின் மேல் நடந்துபோகும் இரக்கம் என்றே நினைத்திருந்தேன்.

செபமாலையில் ஒவ்வொரு பத்துக்கும் பிறகு நாங்கள் ஒரு சிறிய மன்றாட்டுச் சொல்வோம். எங்களை நரக நெருப்பிலிருந்து காப்பாற்றும், எல்லா ஆன்மாக்களையும் விண்ணகத்துக்கு நடத்தும், உமது இரக்கம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்குச் சிறப்பாக உதவும் என்பது அதன் பொருள். 1917இல் போர்த்துக்கலின் பாத்திமாவில், மாதாவைக் கண்டதாகச் சொன்ன சிறுபிள்ளைகளுக்கு நரகக் காட்சி காட்டப்பட்ட அதே ஜூலை நாளில், இந்த மன்றாட்டும் கற்பிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. ஒரு மாலை மாமி வீட்டில் செபமாலை முடிந்தபின், அந்த வரியைச் சொல்லும்போது யாரை நினைப்பீர்கள் என்று கேட்டுவிட்டேன். "அவனை எடுத்தவர்களை" என்றார். மன்னித்துவிட்டீர்களா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். "அவர்கள் நரகத்துக்குப் போய்விட்டால் என் பிள்ளையை என்ன செய்தார்கள் என்று எனக்கு யார் சொல்வது? ஆண்டவர் அவர்களை இழுத்துக்கொண்டு வர வேண்டும். என் முன்னால் நிறுத்த வேண்டும். அவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எதுவானாலும்."

கிரகோரியாரின் கயிறு அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. மாமி கேட்ட மீட்பில் தீர்ப்பு குறையவில்லை. உண்மை மறைக்கப்படவும் இல்லை. செய்தவன் தான் செய்ததை முழுவதும் பார்த்து, அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிடக் கொடிய நெருப்பு எது? முடிவில்லா நரகம் அவனை அந்த முகத்திலிருந்து ஒளித்து வைக்கிறது. மாமிக்கு அந்த நரகத்தால் எதுவும் திரும்பக் கிடைக்காது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்பதை விசுவாசக் கோட்பாடாக நான் போதிக்க மாட்டேன், என் திருச்சபை அப்படிப் போதிக்கவில்லை, இயேசு எச்சரித்த சொற்களும் விவிலியத்தில் இருக்கின்றன. ஆனால் அது என் எதிர்நோக்கு. எல்லாருக்காகவும் எதிர்நோக்குவது கிறிஸ்தவருடைய கடமை என்று சுவிட்சர்லாந்தின் இறையியலாளர் பால்தசார் 1980களில் எழுதியபோது பெரிய சர்ச்சை எழுந்தது. அவர் சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது. எல்லா ஆன்மாக்களையும் நடத்தும் என்று தினமும் மன்றாடிவிட்டு, அது நடக்காது என்று உள்ளுக்குள் முடிவு செய்து வைத்திருந்தால் அது மன்றாட்டாகுமா?

உங்கள் சபையில் இறந்தவர்களுக்காக மன்றாடும் வழக்கம் இல்லை என்று நினைக்கிறேன். எங்களிடம் உண்டு. நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றுவோம். அம்மம்மாவின் சாம்பல் கடலில் கரைந்தது. அவருக்குச் சேமக்காலையில் இடம் இல்லை. அவருக்கான திரியை அப்பப்பாவின் கல்லறை ஓரத்தில் ஏற்றுகிறேன். உங்களுக்குச் சம்மதம் என்றால் உங்கள் அப்பாவின் பெயரை எனக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள். இந்த வருடம் பக்கத்தில் இன்னொரு திரி வைக்கிறேன். மாமியிடமும் சொல்கிறேன்.